பவுனுக்குப் போட்ட சோறு

சேர்வராயன் துணை

ஏற்காடு,
20.1.1987

அன்பு மகள் மல்லிகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் அடுப்புப் பற்ற வைக்கும்போதே வேண்டிக்கொள்கிறேன். அங்கே குளிர் நம் மலையைவிட அதிகம் என்று அம்மா சொன்னாள், குழந்தைக்குக் குல்லாய் போடாமல் வெளியே தூக்கிப் போகாதே, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்றைக்கு நீ தயிர் பக்கம் போகாதே. அம்மா ரயிலில் சௌகரியமாகத்தான் வந்து சேர்ந்தாள், வந்த மறுநாளே சாம்பார் தண்ணீராக இருக்கிறதென்று மெஸ் சமையல்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டாள், அவர் இரண்டு நாள் என்னிடம்கூடப் பேசவில்லை. காப்பிப் பழம் எடுப்பு முடியப் போகிறது, எஸ்டேட் ஆட்கள் சந்தைக்கு வருகிற அன்று நம் மெஸ்ஸில் உட்கார இடமில்லை. பனி இந்த வருஷம் கொஞ்சம் கூடுதல்தான், ஒண்டிக்கடை பஜாரில் எதிர் வரிசைக் கடைக்காரர் முகம் தெரியவே வெயில் ஏற வேண்டியிருக்கிறது. குழந்தையின் போட்டோ கிடைத்தது, மூக்கு உன் மூக்கு, முறைப்பு உன் அம்மா முறைப்பு.

இப்படியே நாலு பக்கம் என்னால் எழுத முடியும், ஆறு மாதமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இன்றைக்கு உட்கார்ந்தது அதற்கில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து மீதியைப் படி கண்ணு. நம் சாந்தாமேரி டீச்சர் இப்போது இல்லை. போன ஆவணி மாதம் சேலத்து ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். உனக்கு அப்போது ஏழாம் மாதம். டீச்சர் ஏன் பதில் போடவில்லை என்று நீ கேட்டுக் கேட்டு எழுதியபோது, கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள், கட்டுப் போட்டிருக்கிறது, டாக்டர் எழுதக் கூடாது என்கிறார் என்று நான் எழுதினேனே, அது பச்சைப் பொய். போட்டோவோடு வந்த கடிதத்தில், இந்நேரம் டீச்சருக்குக் கட்டு அவிழ்த்திருப்பார்கள், முதலில் அவரிடம்தான் படத்தைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு கல்லாவில் உட்கார முடியவில்லை. படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீச்சர் வீடு வரை நடந்தேன், அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறது, திரும்பி வந்துவிட்டேன்.

உன் அம்மா மேல் கோபப்படாதே. புரட்டாசியில் பிரசவம் பார்க்க அவள் ரயில் ஏறியபோது, ஒரு வார்த்தை வாய் தவறினாலும் நீ என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லி அனுப்பியவன் நான். அங்கே நீ டீச்சர் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவள் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போனாளாம். பால் இல்லாத நேரத்திலும் போனாளாம். உனக்கு நினைவு வரும். அவளும் டீச்சருக்காக அழ இடமில்லாமல் பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாவிடம் போய் அழுதிருக்கிறாள், அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எதற்கு அழுகிறாள் என்று தெரியாமலே அதுவும் கூட அழுதிருக்கிறது.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், மாசமாக இருக்கிற பெண்ணின் காதில் சாவுச் சேதி விழக் கூடாது. டீச்சர் இதைக் கேட்டுச் சிரிப்பார், நானே ஒரு காலத்தில் சிரித்தவன்தான். ஆனால் முதல் தடவை நீ மாசமாக இருந்து, உன் தாய்மாமன் தவறியபோது தந்தி அடித்தவன் நான். அந்தத் தந்தி வந்த வாரத்திலேயே உனக்கு அப்படி ஆயிற்று. தந்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அங்கே டாக்டரம்மா சொன்னதாக மாப்பிள்ளை எழுதினார், படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் தபாலாபீஸில் அந்தத் தந்திக்கு வாசகம் சொல்லிய என் வாயை நான் மன்னிக்கவில்லை. இந்தத் தடவை டாக்டரம்மா உன்னைப் படுக்கையை விட்டே எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தபோது நான் என்ன செய்வேன் சொல்.

அந்த வழக்கத்தில் இன்னொரு பாதியும் இருக்கிறது, அதையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால் நாங்கள் எந்த உயிரையும் கொல்ல மாட்டோம், பாம்பு வந்தாலும் தடியைத் தட்டி அனுப்பிவிடுவோம். நீ அங்கே மாசமாக இருக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து மெஸ்ஸில் நான் கோழி அறுக்கவில்லை, வேறு ஆள் வைத்தேன். அரிசி மூட்டையில் தேள் இருந்தபோது கரண்டியால் தள்ளிக்கொண்டுபோய் ஓடையில் விட்டேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாரியப்பண்ணா, இந்த மலையில ஊட்டுக்கு ஒருத்தி வருசம் பூரா மாசமா இருந்தா நான் நிம்மதியா தூங்குவனுங்க" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அப்போதே அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

டீச்சரைப் பற்றி உனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், இங்கே அவரைப் பற்றிப் பேச எனக்கு ஆள் குறைந்துவிட்டது. நீ பிறப்பதற்கு முன்னால், நான் சேலத்திலிருந்து வந்து கடை போட்ட புதிதில், ஒரு நாய் இட்லித் தட்டில் வாய் வைத்ததென்று கொதிக்கிற வடிகஞ்சியை அதன் மேல் வீசினேன். நல்ல வேளையாக மேலே படவில்லை. தெருவில் குடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு சின்ன வயசுப் பெண் உள்ளே வந்து உட்கார்ந்தது, தண்ணீர் கேட்டது, குடித்தது, நிதானமாக என்னைப் பார்த்து, "ஏனுங்க, அந்த நாயி உங்களுக்கு எதுத்தாப்பல கடை போடப் போவுதுங்களா" என்று கேட்டது. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் மகள், டீச்சர் டிரெய்னிங் முடித்து வந்திருக்கிறது என்று பிறகுதான் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் வாளியோடு வந்து நின்றார், மிச்சச் சோற்றைக் கொடுங்கள் என்று. அன்றிலிருந்து போன ஆடி வரை அந்த வாளி வராத சாயங்காலம் நம் கடைக்கு இல்லை. மழையிலும் வரும், காய்ச்சலிலும் வரும்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை பிடிக்க மற்ற வாத்தியார்கள் வீடு வீடாகப் போய் அப்பனிடம் பேசுவார்கள், இவர் ஆட்டிடம் பேசுவார். நம் மலை மேலூர்ப் பக்கம் சின்னத்தாயி வீட்டு ஆட்டுக்குக் குளம்பில் புண் என்று கேள்விப்பட்டு வேப்பெண்ணெயோடு போய், மருந்து தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆட்டுக்குப் புண் ஆறிற்று, பையன் அம்மாசி வகுப்பிலேயே தங்கிவிட்டான். இன்றைக்கு அவன் எஸ்டேட்டில் ரைட்டர். கட்டையன் என்ற குட்டைக்கால் நாய் வகுப்பு வாசலில் படுத்திருக்குமே, வருகைப் பதிவு எடுத்து முடித்ததும் அவன் பேரையும் கூப்பிடுவார், நீங்களெல்லாம் சேர்ந்து "உள்ளேன் டீச்சர்" என்று கத்துவீர்கள். அந்தச் சத்தம் ஒண்டிக்கடை வரை கேட்கும். இன்ஸ்பெக்டர் வந்த அன்றும் கூப்பிட்டிருக்கிறார், அவர் முறைத்ததற்கு, "லீவு போடாத பையன் இவன் ஒருத்தன்தானுங்க" என்றாராம். குணம் எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன், வாய் கூர்மை, பிடிவாதம் அதைவிட. ஏரிக்கரையில் மட்டக்குதிரையை அடித்த டூரிஸ்ட்டிடமிருந்து கம்பைப் பிடுங்கி ஏரியில் வீசி, அது போலீஸ் வரை போய், நானும் கடைக்காரர்களும் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தோம். வருகிற வழியில் நன்றி சொல்வார் என்று பார்த்தால், நீங்கள் ஏன் கெஞ்சினீர்கள் என்று எங்களைத் திட்டினார்.

அதே ஏரிக்கரைக் குதிரைதானே பவுனு. கால் நொண்டியானதும் சொந்தக்காரன் மலைப்பாதையில் கொண்டுபோய் விட்டுவிட்டான். ஐந்தாவது படிக்கும்போது சேலம் போய்விட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாய், வளைவில் உனக்குக் குமட்டிக்கொண்டு வர ஜன்னலில் தலையை நீட்டியபோது நீதான் அதைப் பார்த்தாய். பஸ்ஸை நிறுத்தி டீச்சரும் நீயும் இறங்கி, மற்றவர்களைக் கூட வந்த சாரோடு அனுப்பிவிட்டு, நொண்டிக் குதிரையை நடத்திக்கொண்டு மலை ஏறினீர்கள். விளக்கு வைத்த பிறகு வந்து சேர்ந்த உன்னை அடிக்கக் கை ஓங்கினேன், டீச்சர் குறுக்கே வந்து, "அடிக்கறதுன்னா என்னைய அடிங்க, இல்லன்னா குதிரைக்குத் தண்ணி வைங்க" என்றார். தண்ணீர்தான் வைத்தேன். வெயிலில் பொன் மாதிரி மின்னுகிறதென்று பவுனு என்று பேர் வைத்தது நீ. மாட்டுப் பொங்கலுக்கு ஊர் மாடுகளுக்கு நடுவில் அதையும் குளிப்பாட்டி மாலை போட்டு நிறுத்துவீர்கள், குதிரைக்கு ஏது பொங்கல் என்று சிரிக்காத ஆள் கிடையாது, ஆனால் பொங்கல் வாழ்த்து முதலில் அதற்குத்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். போன வாரம் மாட்டுப் பொங்கல் வந்து போயிற்று, நான் கடையை விட்டு வெளியே வரவில்லை.

டீச்சருக்கு வைகாசியிலேயே கால் வீங்கத் தொடங்கிவிட்டது. இங்கே இருக்கிற டாக்டர், இது இருதயக் கோளாறு போலத் தெரிகிறது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துப் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். போக மாட்டேன் என்றுவிட்டார். "நான் போயி படுத்துக்கிட்டா இதுங்க வயித்த யாரு பாப்பாங்க" என்றுதான் ஒரே பதில். நானும் அம்மாவும் சொன்னோம், மாதா கோயில் சாமியார் சொன்னார், அம்மாசி வந்து அழுதான். யார் சொல்லியும் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும் கண்ணு. அவருக்கு இந்த உலகத்தில் மிருகம் அல்லாத ஒரு பலவீனம் இருந்ததென்றால் அது நீதான். உன் கையெழுத்தில் ஒரு வரி வந்திருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார். அந்த ஒரு வரியைக் கேட்டு உனக்கு எழுத நான் இன்லண்ட் வாங்கி வைத்தேன். எழுத உட்கார்வேன், அந்தத் தந்தி நினைவு வரும், மடித்து வைத்துவிடுவேன். வைகாசி போய் ஆனி போய் ஆடி வந்துவிட்டது. டீச்சரும் உனக்குத் தன் உடம்பைப் பற்றி எழுதவில்லை, பிள்ளைத்தாய்ச்சி பயந்துவிடுவாள் என்று. எல்லோருமாகச் சேர்ந்து உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம், அவரைக் காப்பாற்ற ஆள் இல்லை.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் வாளி தூக்க முடியாமல் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, மல்லிகாவிடமிருந்து கடுதாசி வந்திருக்கிறது என்றேன். நான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், டீச்சர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றால் இந்த வயிற்றோடு ரயில் ஏறி வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். கடுதாசி எங்கே என்றார். வீட்டில் இருக்கிறது, அம்மா வைத்திருக்கிறாள் என்றேன். வேறே என்ன எழுதியிருக்கிறாள் என்றார். வேறே ஒன்றுமில்லை, இதுதான் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, கருப்பண்ணனை ஜீப் எடுத்துவரச் சொல்லுங்கள் என்றார். எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜீப்பில் ஏறும் முன்னால் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நாய்களுக்குக் கடைச் சோறு போதும். பவுனுக்குப் புல்லும் ஊற வைத்த கொள்ளு ஒரு பிடியும் கேரட் இருந்தால் கேரட்டும். "சோறு மட்டும் போட்டுறாதீங்க அண்ணா, அது மாடு இல்லீங்க, வயிறு தாங்காது" என்றார். நான் தலையாட்டினேன். நீங்கள் போன பிறகு நாங்கள் உங்கள் குதிரையைக் குடல் காயப் போட்டுவிடுவோமா என்று கேலிகூடப் பேசினேன். ஜீப் திரும்புகிற வரை பவுனு அவர் வீட்டு வேலிக்கு மேல் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் இறங்கிவிடுவார் என்று அவருக்கே தெரியும்.

கீழே டாக்டர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் சமாளித்திருக்கலாம், இப்போது முடிந்ததைச் செய்கிறோம் என்றார்கள். அந்த இரண்டு மாதம் யாருடையது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் பஸ்ஸில் அடிவாரம் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனதும் அவர் கேட்பது, பவுனு சாப்பிடுகிறதா என்பதுதான். உண்மையில் அது சரியாகச் சாப்பிடவில்லை. புல்லை முகர்ந்துவிட்டுத் தள்ளும், வேலியோரமே நிற்கும், விலா எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அவர் திரும்பி வரும்போது இளைத்த குதிரையை எப்படிக் காட்டுவது என்று.

ஆடிப் பதினெட்டு அன்று மெஸ்ஸில் சரியான கூட்டம், சர்க்கரைப் பொங்கல் ஒரு அண்டா மிஞ்சிவிட்டது. சாயங்காலம் நாய்ச் சோற்றோடு போனபோது அதையும் ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னது மறக்கவில்லை கண்ணு. மறந்துவிட்டேன் என்று எழுதினால் உனக்கும் எனக்கும் சுலபமாக இருக்கும், ஆனால் மறக்கவில்லை. நம் ஊரில் எத்தனை மாட்டுக்குக் கழனித் தண்ணீரும் சோறும் வைத்துத் தேற்றியிருக்கிறேன், டீச்சருக்கு மிருகத்தைத் தெரியும், பசியை என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு. சோறு போடுகிறவன் நான், எனக்குத் தெரிந்த அன்பு அது ஒன்றுதான். வாளியைக் கீழே வைத்ததும் பவுனு முகத்தை உள்ளே விட்டுச் சத்தத்தோடு தின்றது, வாளியை நக்கியது, இன்னும் வேண்டும் என்பதுபோல் என் தோளில் மூக்கை இடித்தது. நான் திரும்பிப் போய் இன்னொரு வாளி கொண்டுவந்தேன்.

மறுநாள் காலையில் அது படுத்துப் புரண்டுகொண்டிருந்தது. வயிறு உப்பி, உடம்பெல்லாம் வேர்வை. கருப்பண்ணனைப் பிடித்து மாட்டு டாக்டரைக் கூட்டிவரச் சொன்னேன், அவர் வேறு ஊருக்குப் போயிருந்தார், கம்பவுண்டர் வந்து குழாய் வைத்துப் பார்த்தார், என்ன தின்றது என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டது. நானும் கருப்பண்ணனும் அம்மாசியும் அங்கேயே சில்வர் ஓக் மரத்தடியில் குழி எடுத்தோம். கிழடு, வயசாகிவிட்டது என்று ஊரில் சொன்னேன், உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். தேளைக்கூடக் கரண்டியில் தள்ளிக்கொண்டு போய் விட்டவன், நீ அங்கே படுத்த படுக்கையாக இருந்தபோது, என் கையால் ஒரு ஜீவனைக் கொன்றேன். அதிலிருந்து பேத்தி பிறந்த தந்தி வருகிற வரை எனக்குத் தூக்கம் என்பது கிடையாது. தபால்காரர் சைக்கிளைப் பார்த்தாலே அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன்.

டீச்சரிடம் என்ன சொன்னேன் என்கிறாயா. நன்றாக இருக்கிறது, புல் தின்கிறது, கொள்ளு தின்கிறது என்றேன். போகிற ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளியும், அதற்காகவே இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன், வேலியோரம் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து தடவிக் கொடுக்கின்றன என்றெல்லாம்.

கடைசியாகப் போன அன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சுக்கு நடுவில் பேசினார். "அண்ணா, மல்லிகா கடுதாசி எழுதலைங்க, இல்லீங்களா" என்றார். நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன். "அந்தப் புள்ள எனக்கு ஒரு வரி எழுதுனாலும் மொதல்ல பவுனு எப்படி இருக்குதுன்னுதான் கேக்கும். நீங்க சொன்ன கடுதாசியில பவுனு பேச்சே இல்லீங்களே. எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றார். தெரிந்தும் எதற்கு ஜீப்பில் ஏறினீர்கள் என்று கேட்டேன். "பொய்யே பேச வராத மனுசன் எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு வேர்த்து ஊத்த ஊத்த பொய் பேசறீங்க. அதுக்கு மேல அடம் புடிச்சா நான் என்ன மனுசிங்க" என்றார். சிரிக்க முயற்சி செய்தார், இருமல் வந்துவிட்டது. நான் அழுதுவிட்டேன். பிள்ளை பிறந்து பச்சை உடம்பு தேறின பிறகு மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அதுவரை வேண்டாம் என்று அவரே சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பக் கேக்கறதுக்கு மட்டும் நெசத்தச் சொல்லுங்க, பவுனு நல்லா இருக்குதுங்களா" என்றார்.

நன்றாக இருக்கிறது டீச்சர் என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். சரிங்க என்றார். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க. போற வழியில மார்க்கெட்டுல அதுக்கு நாலு கேரட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார். வாங்கினேன் கண்ணு. வாங்கிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவும் ஏறி வந்தேன். கடைக்குள் கொண்டுபோக மனசு வரவில்லை, நேரே போய் அந்த மரத்தடி மண்ணில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை நான் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஒரு அம்மா படுத்திருந்தது. அடக்கத்துக்கு நம் ஒண்டிக்கடை முழுக்க ஷட்டர் இறக்கிவிட்டு வந்தார்கள், மேலூரிலிருந்து சின்னத்தாயியும் சனங்களும் நடந்தே வந்தார்கள். நாய்கள் இரண்டைச் சின்னத்தாயி கூட்டிக்கொண்டு போனாள், மீதி நம் கடைக்குப் பின்னால் இருக்கின்றன. நீ அவருக்கு எழுதி அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த கடிதங்களைப் பிரிக்காமல் இதோடு வைத்து அனுப்புகிறேன்.

குதிரைச் சமாச்சாரத்தை உன் அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அவளுக்கு எழுதிப் போடுங்க, ஒண்ணையும் உட்டுராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். விடாமல் எழுதிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் கடிதம் போடாமல் இருந்தாலும் எனக்கு அது நியாயம்தான், நான் டீச்சரைக் காக்க வைத்ததும் அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரம் சொல். குழந்தைக்கு அடுத்த ஊசி தவற விடாதே, போட்டால் ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும், பயப்படாதே. நீயும் உன் வீடும் என் பேத்தியும் எந்த நோய் நொடியும் இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

பதில் போடும்போது ஒன்றே ஒன்றுக்கு மறக்காமல் பதில் எழுது. கேரட் வாங்கிப் போங்கள் என்று அவர் சொன்னாரே, என்னை நம்பிச் சொன்னாரா, தெரிந்துகொண்டு சொன்னாரா. நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்குப் பிடிபடவில்லை. அவரிடம் வளர்ந்தவள் நீ, உனக்குத் தெரிந்திருக்கும். அப்பன் மனசு நோகுமே என்று மட்டும் மாற்றி எழுதிவிடாதே சாமி. நான் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
மாரியப்பன்